குவியலுக்கு அடியில்

மனிதன் கண்டுபிடித்த விளையாட்டுகளில் எனக்கு மதிப்புள்ளது கிரிக்கெட் ஒன்றுதான். பந்து போடுகிறவனும் அடிக்கிறவனும் எட்டத்தில் மரியாதையாக நிற்பார்கள். நடுவில் தேநீர் உண்டு. மழை தூறினால் உள்ளே போய்விடுவார்கள். றக்பியில் இந்த நாகரிகம் எதுவும் கிடையாது. முப்பது தடியன்கள் சேற்றில் புரண்டு, ஒரு கோணல் பந்துக்காக ஒருவன் முதுகில் மற்றவன் ஏறி மிதிப்பதற்கு எதற்கு விசில், எதற்குக் கோடு என்று குகதாசனிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவன் சிரிப்பான். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. அதுவும் அந்த விளையாட்டின் உபயம்தான்.

குகதாசனும் நானும் சுவிட்சர்லாந்தில் துன் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தோம். நான் காய்கறி வெட்டுவேன். அவன் பெரிய பாத்திரங்கள் கழுவுவான். அவனுடைய அக்கா இராஜேஸ்வரி அதே ஹோட்டலின் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்புகள் துவைத்து இஸ்திரி போடுகிறவர். அக்காவும் தம்பியும் எண்பத்து நாலில் ஒன்றாக வந்தவர்கள். அவர்களுடைய அகதி வழக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டு, பயணம் செய்வதற்கான புத்தகம்கூடக் கையில் வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குள் அது லொத்தர் சீட்டில் பரிசு விழுந்த மாதிரி. என்னுடைய வழக்கு இழுபட்டுக்கொண்டு கிடந்தது. எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான். அதை நான் மறைக்கவும் இல்லை.

குகதாசனின் தகப்பன் கண்டியில் ரயில்வே குமாஸ்தா. அங்கே படித்ததால் அவனுக்கு இந்த றக்பிப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனி அவனைக் கூப்பிட்டு உத்தியோகம் கொடுத்தது. உத்தியோகம் என்றால் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மைப் போத்தல். அவன் வரவேண்டியது கம்பனியின் மைதானத்துக்குத்தான். நாட்டு அணிக்குத் தெரிவாவான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வருடத்தில்தான், தமிழரைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது.

அந்தக் கிழமை அவன் கண்டிக்கு ஆடப் போயிருந்தான். கூட ஆடுகிற சிங்களப் பெடியங்கள் அவனைத் தங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவின் புருஷன் யோகராஜாவுக்கு அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. அத்தான் கடையோடு எரிந்துபோனார், அக்கா அந்த நேரம் பக்கத்து வீட்டில் ஒளிந்திருந்தார். இதுதான் குகதாசனுக்குத் தெரிந்த கதை. அக்கா அதற்குமேல் ஒரு சொல் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

துன்னுக்கு வந்த புதிதில் ஊர்ஸ் என்ற தச்சுத் தொழிலாளி ஒருவன் ஹோட்டல் கதவு திருத்த வந்தான். குகதாசனின் தடித்த கழுத்தையும் நசுங்கிய காதுகளையும் பார்த்தவுடனேயே, "நீ றக்பி ஆடுகிறவனா?" என்று கேட்டுவிட்டான். ஊர்ஸ்தான் அங்கே இருந்த சின்னக் கழகத்தின் தலைவன். அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இவன் சேற்றிலேதான். திங்கட்கிழமை பாத்திரம் கழுவும்போது முதுகை வளைக்க முடியாமல் முனகுவான். அவனுக்கும் சேர்த்து நான் சட்டி தூக்குவேன்.

அவனுடைய வேலை மற்றவர்களுடையதைவிட மோசம். யாராவது பந்தோடு விழுந்து, பந்து கைநழுவினால், இவன் முதல் ஆளாக ஓடிப்போய் அந்தப் பந்தின்மேல் சுருண்டு விழவேண்டும். மற்றப் பக்கத்தான் ஆணி வைத்த சப்பாத்தோடு இவன் முதுகில் மிதித்துத்தான் பந்தை வெளியே எடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் அப்படி மிதிப்பது விதிக்கு உட்பட்டதாம். ஒருநாள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது நன்றாக ஏசினேன்.

"மச்சான், உனக்கு விளங்காது," என்றான். "அந்தக் குவியலுக்கு அடியில கிடக்கேக்கைதான் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆர் மிதிக்கிறான், ஏன் மிதிக்கிறான் எண்டு தெரியும். விசில் ஊதினா எல்லாரும் எழும்பிடுவாங்கள். வெளியில அப்பிடியோ?"

 எண்ணெயை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் விஷயம் முற்றியது. தென் பிரான்சிலிருந்து ஒரு கழகத்தின் ஆள் வந்து அவனைப் பார்க்கப் போகிறார் என்று ஊர்ஸ் செய்தி கொண்டுவந்தான். அந்த விளையாட்டில் அப்போது ஆடுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய பாவம். ஆனால் பிரான்சுக்காரர் பாவத்துக்கும் ஒரு பின்கதவு வைத்திருந்தார்கள். நகரசபையில் பெயருக்கு ஒரு வேலை, இருக்க வீடு, ஆட்டம் முடிந்தால் உறையில் காசு. மொத்தத்தில் பழையபடி மேசையும் மைப் போத்தலும். குகதாசனுக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. இந்த ஆட்டத்தில் அந்த மனிதருக்குப் பிடித்தால் அவன் மறுபடி விளையாட்டுக்காரன். பிடிக்காவிட்டால் கடைசிவரை சட்டி கழுவவேண்டியதுதான். அவனே என்னிடம் இப்படித்தான் சொன்னான். 

அக்காவிடம் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அக்கா இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கு உந்த விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாது. பொம்பிளை குடுக்கிற இடமெண்டாலும் ஒருக்காப் போய்ப் பாக்கிறேல்லையோ? நீ என்னத்தை நம்பிப் போறாய் எண்டு நான் பாக்கவேணும். பாத்திட்டுத்தான் ஓம் எண்டு சொல்லுவன்."

குகதாசன் இதை எதிர்பார்க்கவில்லை. மூன்று வருடமாக அக்காவை ஒரு ஆட்டத்துக்கும் அவன் கூட்டிப்போனதில்லை. சேறு பிடித்த சட்டையைத் தானே தோய்ப்பான். முதுகை அவருக்குக் காட்டமாட்டான். ஆனால் அக்கா இல்லாமல் அவன் எந்த முடிவும் எடுத்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியவில்லை. "தயா உங்களோட நிப்பான், அக்கா. அவன் எல்லாம் விளங்கப்படுத்துவான்," என்று என்னை மாட்டிவிட்டான். கிரிக்கெட் ரசிகனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

ஆட்டம் சூரிச்சில். ஊர்ஸும் மற்றவர்களும் வான் வண்டியில் போக, அக்காவும் நானும் ரயிலில் போனோம். சேலைக்கு மேலே ஹோட்டலில் யாரோ விட்டுவிட்டுப் போன நீளக் கோட்டும், காலில் பனிச் சப்பாத்துமாக அக்கா வந்தார். மடியில் ஒரு பிளாஸ்க்கும் தோசைப் பொட்டலமும். வழியெல்லாம் நான் விளக்கினேன். கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தால் புள்ளி, முன்பக்கம் எறியக்கூடாது, பின்பக்கம்தான் எறியவேண்டும். குவியல் என்று ஒன்று உண்டு, அது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஒன்றும் நடக்காது என்றும் சொன்னேன். அக்கா தலையாட்டினார். நான் சொன்னதில் எவ்வளவு காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மைதானத்தில் பனிமூட்டம். ஒரு பக்கக் கம்பம் தெரிந்தால் மறுபக்கக் கம்பம் தெரியாது. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கோட்டு ஓரமாகக் கழுத்தில் சால்வை சுற்றிய தொப்பிக்கார மனிதர் ஒருவர் தனியே நின்றார். ஊர்ஸ் அவருக்குக் கைகொடுத்த விதத்திலேயே பிரெஞ்சுக்காரர் அவர்தான் என்று விளங்கிவிட்டது.

விசில் ஊதிய சற்று நேரத்தில் பந்து தரையில் விழுந்தது. குகதாசன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை. பூனை மாதிரிப் பாய்ந்து அதன்மேல் சுருண்டான். அவன்மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் மேலே ஏறி மிதித்தார்கள். பந்து பின்பக்கமாக வெளியே வந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். கடைசியாக அவன் எழுந்தான், சேற்றைத் துப்பினான், ஓடினான்.

அக்காவின் விரல்கள் என் கையைப் பிடித்திருந்தன. நான் போட்டிருந்த கோட்டுக்கு மேலாகவே நகம் இறங்கியது.

"பாத்தீங்களோ அக்கா, எழும்பிட்டான்," என்றேன்.

 இரண்டாம் தரமும் அவன் அடியில் போனான். மூன்றாம் தரமும் போனான். ஒவ்வொரு தரமும் பந்து எங்கள் பக்கத்துக்கே வந்தது. பிரெஞ்சுக்காரர் சால்வையைத் தளர்த்தி விட்டுக்கொண்டு இரண்டடி முன்னே வந்து நின்றார்.  இவன் இவ்வளவு கெட்டிக்காரன் என்று நான் நினைத்திருக்கவில்லை. பாத்திரத் தொட்டியில் குனிந்து நிற்கிறவனா இவன் என்று இருந்தது. பெருமையாகவும் இருந்தது, என்னை அறியாமல் ஏதோ கத்தினேன்.

"தயாத் தம்பி," என்றார் அக்கா. "அந்த விசில் வைச்சிருக்கிறவர் ஆர்?"

"அவர் நடுவர் அக்கா. பொலிஸ் மாதிரி. பிழை விட்டா ஊதுவார்."

"உவங்கள் மிதிக்கிறாங்கள். அவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"அது பிழையில்லை அக்கா. அது விளையாட்டில உள்ளதுதான்."

"அண்டைக்கும் பொலிஸ் நிண்டது," என்றார் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கண் மைதானத்திலேயே இருந்தது.  இடைவேளையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார், குடிக்கவில்லை. "வாங்கோ அக்கா, குளிருது, கட்டிடத்துக்குள்ள இருப்பம்," என்றேன். வரமாட்டேன் என்று தலையசைத்தார். தம்பி போகப் போகிற இடத்தைப் பார்க்கவந்தவர், பார்த்து முடிக்காமல் அசைகிற மாதிரித் தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் பனி இன்னும் இறங்கியது. எங்கள் பக்கம் சொற்பப் புள்ளிகளால் முன்னுக்கு நின்றது. சூரிச்காரர்களுக்குக் கோபம் ஏறிவிட்டது. குகதாசனைக் குறிவைக்கத் தொடங்கினார்கள். அவன் எழும்பும்போது ஒருவன் முழங்கையால் இடித்தான். ஊர்ஸ் கத்தினான், நடுவர் எச்சரித்தார், ஆட்டம் தொடர்ந்தது.

அந்தக் கடைசிக் குவியல் எங்களுக்கு நேரே, கோட்டிலிருந்து பத்தடிக்குள் விழுந்தது. பந்து குகதாசனின் வயிற்றுக்குள். மேலே எட்டுப் பத்துப் பேர். மற்றவர்கள் வட்டமாக நின்று, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலை உயர்த்தி உயர்த்தி மிதித்தார்கள். சப்பாத்து ஆணி சதையில் படும் சத்தம் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. அவனுடைய ஒரு கை மட்டும் குவியலுக்கு வெளியே சேற்றில் நீட்டிக்கொண்டு கிடந்தது. அது அசையவில்லை. விசிலும் வரவில்லை.

என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போனது. கிண்ணம் விழுந்தது. நான் திரும்புவதற்குள் அக்கா கோட்டைத் தாண்டிவிட்டார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். யாரையோ தள்ளினார். யாரோ ஒருவனுடைய இடுப்புக்குக் கீழாலே நுழைந்தார். மிதித்துக்கொண்டிருந்த கால்களுக்கு நடுவே புகுந்து, அந்தக் கைக்கு மேலே, தம்பியின் தலைக்கு மேலே குப்புற விழுந்து மூடிக்கொண்டார். கத்தினார்.

"கஹன்ன எப்பா! கஹன்ன எப்பா! மே மகே மஹத்தயா!"

தமிழ் இல்லை, ஜெர்மன் இல்லை. சிங்களம். அடிக்காதேயுங்கோ, இது என்ட புருஷன். சூரிச்சில், பனிக்குள், வெள்ளைக்காரரைப் பார்த்து அக்கா அதைத்தான் கத்தினார். அந்த மைதானத்தில் அது விளங்கியவர்கள் நானும் குவியலுக்கு அடியில் கிடந்தவனும் மட்டுமே.

விசில் நீளமாக ஊதியது. நின்றவர்கள் எல்லாரும் விறைத்துப்போனார்கள். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக மெதுவாக விலகினார்கள். மிதித்தவர்களில் ஒருவன், தாடி வைத்த பெரிய ஆள், இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு பின்னே பின்னே போனான். அக்கா நிறுத்தவில்லை. தம்பியின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் குறைந்துகொண்டே போனது. கடைசியில் "மஹத்தயா, மஹத்தயா" என்று கெஞ்சுகிற முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது. புருஷனுக்கும் ஐயாவுக்கும் சிங்களத்தில் அந்த ஒரே சொல்தான்.

நான் பக்கத்தில் போய்விட்டேன். குகதாசன் கண் திறந்திருந்தான். அவனுக்குக் காயம் ஒன்றும் பெரிதாக இல்லை. பந்தைக் காப்பதற்காக அசையாமல் கிடந்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அக்காவின் முகத்தை அவன் பார்த்த பார்வையை என்னால் மறக்கமுடியாது. அத்தான் கடையோடு எரிந்துபோகவில்லை. அக்கா பக்கத்து வீட்டில் ஒளிந்திருக்கவும் இல்லை. நாலு வருடம் பக்கத்தில் இருந்தும் தெரியாத விஷயம் அவனுக்கு அந்தச் சேற்றில் கிடந்தபடி தெரியவந்தது.

"அக்கா," என்றான். "நான் குகன். என்னைப் பாருங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை."

அக்கா பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சுற்றிலும் நின்ற கால்களைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் அவனுடைய சட்டையைப் பிடித்த கையை விடவில்லை.

நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். ஊர்ஸ் குனிந்து குகதாசனின் காதில் ஏதோ சொன்னான். கோட்டு ஓரத்தில் பிரெஞ்சுக்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், போகவில்லை. எல்லாம் முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம்தான். இவன் எழும்பி இன்னும் இரண்டு தரம் முன்னைய மாதிரி ஆடினால் போதும்.

"விடுங்கோ அக்கா," என்று அவனே அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். நான் அக்காவைத் தோளில் பிடித்துக் கூட்டிவந்தேன். அவருடைய இடது புறங்கையில் சப்பாத்து ஆணி பட்ட அடையாளம், அதிலிருந்து இரத்தம் வந்தது. என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எல்லார்மேலும் கோபம். அந்த விளையாட்டின்மேல், தாடிக்காரன்மேல், கூட்டிவந்த குகதாசன்மேல், வரச் சம்மதித்த என்மேல்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. சூரிச்காரர் பந்தோடு ஓடிவந்தார்கள். ஊர்ஸ் ஒருவனை மடக்கி விழுத்தினான். பந்து தரையில் உருண்டது. குகதாசன்தான் அதற்குக் கிட்ட. வேறு ஒருவரும் இல்லை. அவன் விழவேண்டும், சுருளவேண்டும், பத்து வருடமாக அவன் செய்த ஒரே வேலை அது.

அவன் நின்றான்.

காலடியில் பந்து கிடந்தது. தாடிக்காரன் ஓடிவந்துகொண்டிருந்தான். குகதாசன் ஒருதரம் எங்கள் பக்கம் பார்த்தான். அக்கா நிற்கிற பக்கம். பிறகு பந்தைப் பார்த்தான். முழங்கால் மடங்கப் பார்த்தது, மடங்கவில்லை. தாடிக்காரன் குனிந்து பந்தை அள்ளிக்கொண்டு ஓடிக் கோட்டுக்கு அப்பால் வைத்தான். ஊர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகும் ஒருதரம் பந்து அவனுக்கு முன்னால் விழுந்தது. அப்போதும் அவன் விழவில்லை. எங்கள் பக்கம் தோற்றது.

உடைமாற்றும் கட்டிடத்துக்கு வெளியே பிரெஞ்சுக்காரர் குகதாசனிடம் வந்தார். நான் அக்காவை அங்கே கிடந்த மர வாங்கில் இருத்திவிட்டு அவனோடு நின்றேன். மனிதர் நல்லவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார். தடுமாறும் ஆங்கிலத்தில், "அந்த அம்மா உள்ளே வருவதற்கு முன் ஆடியவனை நான் இன்றைக்கே கூட்டிக்கொண்டு போவேன். பிறகு ஆடியவனைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இனி எவன் வருவான் என்று உங்களுக்குத்தான் தெரியும்," என்றார்.

குகதாசன் வாங்கில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "பிறகு ஆடியவன்தான்," என்றான். மனிதர் அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் பனிக்குள் நடந்து போனார்.

எங்களோடு ரயிலில் வந்தான் குகதாசன். யன்னல் பக்கம் இருந்தான்.  வாயைத் திறந்தால் யாரையாவது ஏசிவிடுவேன் என்று எனக்குப் பயம். பேர்ன் தாண்டியபின் அக்கா பொட்டலத்தைப் பிரித்து, ஆளுக்கொரு தோசையாகக் கையில் வைத்தார். தானும் எடுத்துச் சாப்பிட்டார். மத்தியானம் முழுக்க ஒன்றும் தொடாதவர், பசி வந்தவராக, பிய்த்துப் பிய்த்து வேகமாகச் சாப்பிட்டார்.

"அந்தப் பிரெஞ்சுக்காரன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"அறிவிக்கிறாராம் அக்கா," என்றான் குகதாசன்.

"நான் குழப்பிப்போட்டனோடா?"

"இல்லை அக்கா."

அக்கா கைக்குட்டை சுற்றிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று இருந்தது. வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது சந்தோஷம் என்று விளங்கியது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் அவருக்கு மேல விழுந்து கத்தினனான்," என்றார். "தொண்டை கிழியக் கத்தினன். ஒருத்தனும் நிப்பாட்டேல்லை. என்னை இழுத்து எறிஞ்சுபோட்டு அடிச்சாங்கள்." தம்பியின் முழங்காலில் கையை வைத்தார். "இண்டைக்கு நான் கத்தினவுடன நிப்பாட்டிப்போட்டாங்கள், பாத்தியோ? எல்லாரும் நிண்டிட்டாங்கள். நீ எழும்பிட்டாய்."

குகதாசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஓம் அக்கா," என்றான். "எல்லாரும் நிண்டிட்டாங்கள்."